மிதித்த உடனே ஏன் பாய்வதில்லை? டீசல் பிக்கப்பும் டர்போ லேக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்கோட்டுத் தக்காளி, கிருஷ்ணகிரி மாங்காய், ஓசூர்ப் பூ என்று நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் விளைவது எல்லாமே பெரும்பாலும் பிக்கப் வண்டியில்தான் சந்தைக்குப் போகிறது. நான் பதினோரு வருடம் லோடு ஓட்டினேன். இப்போது பாலக்கோட்டில் டீசல் வண்டி வேலை பார்க்கிறேன். பட்டறைக்கு வருகிற ஓட்டுநர்களில் பாதிப் பேர் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணே, மிதிக்கிறேன், ஒரு நொடி யோசிச்சிட்டுத்தான் வண்டி போகுது. இது வண்டிக் கோளாறா, என் கால் கோளாறா?" நின்றபடி சொல்லி முடிக்க முடியாததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

"வண்டியில பிக்கப் இல்ல" என்று சொன்னால் மெக்கானிக் ஏன் திருப்பித் திருப்பிக் கேள்வி கேட்கிறார்?

நம் ஊரில் பிக்கப் என்றால் வண்டிக்கும் அதுதான் பெயர், வேகம் பிடிப்பதற்கும் அதுதான் பெயர். இரண்டாவது பொருளிலேயே மூன்று வேறு புகார்கள் அடங்கியிருக்கின்றன. நின்ற இடத்திலிருந்து கிளம்ப மந்தமா? ஓடிக்கொண்டிருக்கும்போது மிதித்தால் ஓரிரு நொடி தாமதித்துப் பிறகு பாய்கிறதா? அல்லது எந்த கியரில் எவ்வளவு நேரம் மிதித்தாலும் இழுவையே வருவதில்லையா? இரண்டாவதுதான் டர்போ லேக். மூன்றாவது, வண்டிக்கு நோய். முதலாவது இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். "லோடோடவா, வெறும் வண்டியிலயா? எந்த கியர்ல? மேட்டுலயா, சமதரையிலயா?" என்று மெக்கானிக் கேட்டால் பொறுமையாகச் சொல்லுங்கள். அந்தப் பதிலில் பாதி வேலை முடிந்துவிடும்.

டர்போ என்ன செய்கிறது? தாமதம் எங்கிருந்து வருகிறது?

ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய பதினான்கரைக் கிலோ காற்று வேண்டும். புகை தள்ளாமல் ஓட அதற்கும் மேலே வேண்டும். டர்போ இல்லாத எஞ்சின் தன் மூச்சுக்கு எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு காற்றுதான் உள்ளே போகும். ஆல்ஃபிரட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனையில்தான் டர்போவின் வேர் இருக்கிறது. வெளியே வீணாகப் போகும் புகையின் வேகத்தை வைத்தே ஒரு காற்றாடியைச் சுற்றவிடு. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு காற்றாடி. அது வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளட்டும். அழுத்திய காற்று சூடேறிவிடும் என்பதால் வழியில் இன்டர்கூலரில் ஆற வைக்கிறார்கள்.

இந்தச் சுற்று எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். காற்று அதிகம் வர டர்போ சுற்ற வேண்டும். டர்போ சுற்றப் புகை அதிகம் வர வேண்டும். புகை அதிகம் வர டீசல் அதிகம் எரிய வேண்டும். டீசல் அதிகம் எரியக் காற்று அதிகம் வேண்டும். ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கிற அந்த ஓரிரு நொடிதான் லேக். சின்ன எஞ்சினின் டர்போ முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டும். மந்தமாகச் சுற்றிக்கொண்டிருந்த காற்றாடி அந்த வேகத்தை எட்ட நேரம் பிடிக்காதா?

இன்னொன்றும் உண்டு. இன்றைய வண்டியில் ஆக்சிலேட்டருக்குக் கேபிள் கிடையாது. நீங்கள் மிதிப்பது கம்ப்யூட்டரிடம் கொடுக்கும் மனு. காற்று வந்து சேரும்வரை அது டீசலை அளந்துதான் விடும். இல்லாவிட்டால் கரும்புகைதான் மிச்சம். முழுக்க அழுத்தி மிதித்தால் லேக் குறையும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

என் வண்டி 1,200 ஆர்.பி.எம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) சுத்தமாக இழுப்பதில்லை. இதுவும் லேக்தானா?

இல்லை. பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

ஒவ்வொரு டர்போ வண்டிக்கும் ஒரு வாசல் உண்டு. அந்த ஆர்.பி.எம்முக்குக் கீழே எவ்வளவு நேரம் மிதித்துக் காத்திருந்தாலும் டர்போ உருப்படியாக ஊதாது, ஏனென்றால் அதைச் சுற்றும் அளவுக்குப் புகையே இல்லை. பெரும்பாலான பிக்கப்களில் இது 1,400-க்கும் 1,800-க்கும் இடையில் எங்காவது இருக்கும். வாசலுக்கு மேலே இருக்கும்போது மிதித்த பிறகு ஆகும் தாமதம்தான் உண்மையான லேக். வாசலுக்குக் கீழே நடப்பது லேக் அல்ல, தவறான கியர். அதற்கு மருந்து உங்கள் இடது கையில் இருக்கிறது.

உங்கள் வண்டியின் வாசலைக் கண்டுபிடிப்பது எளிது. விடியற்காலையில் காலிச் சாலையில், மூன்றாவது கியரில், 1,000 ஆர்.பி.எம்மில் இருந்து மெதுவாகவும் சீராகவும் மிதித்துக்கொண்டே போங்கள். எஞ்சின் முனகல் மாறி, முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளுகிற மாதிரி ஓர் இடம் வரும். முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஆர்.பி.எம் மீட்டர் இல்லாத வண்டி என்றால் அந்த இடத்தில் எஞ்சின் எழுப்பும் சத்தத்தைக் காதில் பதித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு எண்ணையோ சத்தத்தையோ தெரிந்துவைத்திருக்கிறவருக்கு என் பட்டறையில் பெரும்பாலும் வேலை இருப்பதில்லை.

முன்பு குட்டி யானை ஓட்டினேன். அதில் இந்தத் தாமதமே இல்லையே?

இல்லைதான். குட்டி யானை என்று நாம் சொல்லும், 2005-இல் வந்த டாடா ஏஸில் 702 சி.சி. இரண்டு சிலிண்டர் எஞ்சின், டர்போ கிடையாது. சக்தி குறைவு, ஆனால் மிதித்த அளவுக்கு உடனே பதில் சொல்லும். டர்போ இல்லாத பழைய டாடா 407 லாரியிலும் அப்படித்தான். அந்தப் பழக்கத்தோடு டர்போ பிக்கப்பில் ஏறுகிறவர்களுக்கு முதல் ஒரு மாதம் கால் கணக்கு தப்பும். கடன் போட்டுப் புது வண்டி எடுத்த தம்பிகளிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: முதல் மாதம் எந்த வண்டியையும் முந்தாதீர்கள். கால் பழகட்டும்.

லோடு ஏற்றினால் லேக் கூடுமா?

டர்போவின் தாமதம் பெரிதாக மாறாது. ஆனால் டர்போ வந்த பிறகும் வேகம் பிடிக்க ஆகும் நேரம் நீளும், அதனால் மொத்தமும் லேக் போலத் தோன்றும். வெறும் வண்டி 1.7 டன் என்று வைத்துக்கொள்வோம். 25 கிலோ தக்காளி கிரேட் 52 ஏற்றினால் 1.3 டன்; மொத்தம் 3 டன். இழுக்கும் எஞ்சின் அதேதான். வெறும் வண்டியில் 10 நொடியில் எட்டிய வேகத்துக்கு இப்போது 17, 18 நொடி ஆகும். காலியாகத் திரும்பும்போது பழகிய கணக்கை லோடோடு போகும்போது நம்பக் கூடாது.

சேலத்திலிருந்து லோடோடு வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் வண்டி செத்துவிடுகிறதே, ஏன்?

கணக்குப் போட்டே பார்க்கலாம். நூறு மீட்டர் ஓடினால் ஐந்து மீட்டர் ஏறுகிற மேடு என்று வைப்போம். 3 டன் வண்டியை அதில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்ற, எடையைத் தூக்குவதற்கு மட்டும் ஏறக்குறைய 33 குதிரைசக்தி வேண்டும். காற்றுக்கும் டயர் உராய்வுக்கும் இன்னொரு 15. ஆக 48.

இப்போது எஞ்சினைப் பாருங்கள். 200 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை) தரும் எஞ்சின் 1,500 ஆர்.பி.எம்மில், முழு டர்போ இருந்தாலும், கொடுப்பது சுமார் 42 குதிரைசக்தி. தேவை 48, கையில் 42. வேகம் இறங்கத்தான் செய்யும். வேகம் இறங்கினால் ஆர்.பி.எம் இறங்கும், ஆர்.பி.எம் வாசலுக்குக் கீழே போனால் டர்போவும் கைவிடும். பிறகு ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும் பயனில்லை. அதே எஞ்சின் 2,200-இல் சுமார் 62 குதிரைசக்தி கொடுக்கும். அதனால் வண்டி திணறுவதற்கு முன்பே, மேடு தொடங்குகிற இடத்திலேயே ஒரு கியர் இறக்கிவிடுங்கள். திணறிய பிறகு இறக்கினால், கிளட்சை மிதிக்கும் அந்த நேரத்தில் டர்போ சுழற்சியும் விழுந்து, மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

டர்போ விழாமல் இருக்கக் கிளட்சைப் பாதி மிதித்தபடி மேடு ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். கிளட்ச் பிளேட் கருகும் வாசனை மாங்காய் சீசனில் என் பட்டறையை விட்டுப் போவதே இல்லை.

இருவழிச் சாலையில் முந்தும்போது லேக்கை எப்படிக் கணக்கில் எடுப்பது?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

முன்னால் 12 மீட்டர் லாரி, 50 கிலோமீட்டர் வேகம். நீங்கள் 60. எதிரே 80-இல் ஒரு கார். லாரிக்கு 20 மீட்டர் பின்னால் தொடங்கி, தாண்டி, உங்கள் வண்டி நீளத்தையும் சேர்த்து முன்னால் இடம் விட்டு உள்ளே வர, லாரியைவிட நீங்கள் 50 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். 10 கிலோமீட்டர் வேக வித்தியாசத்தில் அதற்கு 18 நொடி ஆகும். அந்த 18 நொடியில் நீங்கள் 300 மீட்டர், எதிர்க் கார் 400 மீட்டர். அதாவது 700 மீட்டர் காலிச் சாலை வேண்டும். வளைவும் புளியமரமும் நிறைந்த நம் பக்கத்துச் சாலையில் 700 மீட்டர் எங்கே தெரிகிறது?

வேகத்தை 75-க்கு முன்பே கொண்டுவந்திருந்தால் அதே வேலைக்கு 7 நொடியும் 310 மீட்டரும் போதும். ஆனால் அந்த 75 மிதித்த உடனே வருவதில்லை. டர்போ எழும்ப 2 நொடி என்றால், அந்த 2 நொடியில் மட்டும் உங்களுக்கும் எதிர்க் காருக்கும் இடையே 78 மீட்டர் கரைந்துவிடும். நீங்கள் வலது பக்கம் இறங்கிவிட்டீர்கள், வண்டி இன்னும் பாயவில்லை, சாலை மட்டும் சுருங்கிக்கொண்டிருக்கிறது.

எனக்கு இது நடந்திருக்கிறது. அரூர் சாலையில், தக்காளி லோடு, நான்காவது கியர், முள் 1,400-க்குக் கீழே. முன்னால் கரும்பு டிராக்டர். பேருந்து தூரத்தில்தான் வருகிறது என்று இறங்கிவிட்டேன். மிதிக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை. பேருந்து ஓட்டுநர் மண் ஓரத்தில் இறக்கியதால் தப்பினேன். அவர் கண்ணாடி வழியாகக் கையை ஓங்கியது இன்றும் எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. கியரை இறக்காமல் இறங்கியது நான்.

அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்ட முறையைச் சொல்கிறேன். முந்த நினைத்ததும் முதலில் பின்னுக்கு வாருங்கள். லாரியின் வாலை ஒட்டி நிற்காதீர்கள். உங்கள் வரிசையில் இருக்கும்போதே ஒரு கியர் இறக்குங்கள். முள் 2,000-க்கு மேல் வந்து, டர்போ விசில் காதில் விழுந்து, வண்டி முன்னால் துடிப்பது தெரிந்த பிறகுதான் வெளியே பாருங்கள். சாலை காலியா? போங்கள். இல்லையா? காலை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். லேக்கை உங்கள் வரிசையிலேயே கழித்துவிட வேண்டும், எதிர் வரிசையில் கழிக்கக் கூடாது.

ஓசூர் உயரத்தில் வண்டி மந்தமாகுமா?

கொஞ்சம். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய 8 சதவீதம் குறைவு. டர்போ அதை ஈடுகட்டிவிடும், ஆனால் எழும்பச் சற்றே அதிக நேரம் எடுக்கும். கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஏறும்போது தெரிகிற மந்தத்துக்கு முக்கியக் காரணம் மேடுதான்.

போன மாதம்வரை நன்றாக இருந்தது. இப்போது திடீரென லேக் கூடிவிட்டது. டர்போ போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தம்தான் வருகிறது, ஏனென்றால் தேவையே இல்லாமல் டர்போ மாற்றியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நான் லோடு ஓட்டிய காலத்தில் எனக்கே நடந்தது. ஒரு பட்டறையில் டர்போ மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன், ஒரு சீசன் வருமானம் போனது. மந்தம் அப்படியே இருந்தது. கடைசியில் பார்த்தால் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். அன்றுதான் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வண்டியின் இயல்பான லேக் மாறாது. மாறினால் காற்று போகும் வழியில் எங்கோ ஓட்டையோ அடைப்போ இருக்கிறது. செலவு குறைந்ததில் இருந்து தொடங்கிப் பாருங்கள்.

முதலில் ஏர் ஃபில்டர். கிரானைட் குவாரிப் பக்கம் ஓடுகிற வண்டிக்குப் புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டர் கணக்கு செல்லாது; அந்தத் தூளில் பாதித் தூரத்திலேயே அடைத்துவிடும். காற்றடித்துத் தட்டிப் போடுவது ஒன்றிரண்டு தடவைக்கு மேல் வேண்டாம், ஃபில்டர் தாள் கிழிந்தால் தூள் நேரே டர்போ காற்றாடியைத் தின்னும்.

அடுத்து ஹோஸ்களும் கிளாம்ப்களும். எஞ்சின் ஆறியிருக்கும்போது டர்போவிலிருந்து இன்டர்கூலர், அங்கிருந்து எஞ்சின் வரை ஒவ்வொரு ஹோஸையும் கையால் தடவுங்கள், அடிப்பக்கத்தையும் சேர்த்து. கருப்பாக எண்ணெய்க் கசிவுக் கோடு தெரிகிற இடத்தில்தான் காற்று வெளியேறுகிறது. உள்ளே லேசான எண்ணெய்ப் பூச்சு இருப்பது இயல்பு; தேங்கி நின்றால்தான் கவலை. ஓடும்போது புதிதாக உஸ் என்று காற்றுச் சத்தம் வந்தாலும் இங்கேதான் பாருங்கள்.

பிறகு டர்போவின் ஆக்சுவேட்டர், அதாவது டர்போ எவ்வளவு ஊத வேண்டும் என்பதை ஒரு கம்பியால் கட்டுப்படுத்தும் பாகம். அது வேக்குவத்தில் (காற்றை உறிஞ்சும் இழுப்பில்) இயங்கும் வண்டியென்றால் அந்த மெல்லிய குழாயை எலி கடித்திருக்கும். வயல் ஓரம் நிறுத்துகிற வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். கம்பி துருப்பிடித்து இறுகியிருந்தாலும் இதே மந்தம்தான். அதற்கும் பிறகு டீசல் ஃபில்டர், புகையில் கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வில் கரி, அழுத்தம் அளக்கும் சென்சாரில் அழுக்கு. இவை எல்லாம் சரி என்றான பிறகு டர்போவின் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்க்கலாம். காற்றாடி சுவரில் உரசியிருந்தால் அப்போது டர்போ பேச்சை எடுக்கலாம்.

டர்போவுக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றும் உண்டு. மிதித்ததும் ஆர்.பி.எம் முள் ஏறுகிறது, வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது.

புகையின் நிறம் எதைச் சொல்லும்?

கருப்பு: டீசலுக்குத் தேவையான காற்று இல்லை; ஹோஸ் கிழிசல், ஃபில்டர் அடைப்பு. நீலம்: எஞ்சின் ஆயில் எரிகிறது, டர்போ சீலாக இருக்கலாம், பிஸ்டன் ரிங்காகவும் இருக்கலாம். வெள்ளை, எஞ்சின் சூடான பிறகும் நிற்காமல் வந்தால், கூலன்ட் கசிவோ எரியாத டீசலோ, ஓட்டாமல் காட்டுங்கள். பி.எஸ்.6 (புதிய புகை மாசு விதி) வண்டிகளில் புகை வடிகட்டி இருப்பதால் கருப்புப் புகை வெளியே தெரியாமலேயே கோளாறு இருக்கும். நிறத்தை மட்டும் நம்ப முடியாது.

எஞ்சின் விளக்கு எரிகிறது, வண்டி ஒரு வேகத்துக்கு மேல் போகவே மாட்டேன் என்கிறது. இதுவும் லேக்கா?

இல்லை. கம்ப்யூட்டர் எங்கோ கோளாறு கண்டு எஞ்சினைக் காப்பாற்றச் சக்தியைக் குறைத்திருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் இது அதிகம் தெரியும். புகை வடிகட்டியில் சேர்ந்த கரியை வண்டி தானே எரித்துக்கொள்ளும், ஆனால் அதற்குக் கொஞ்ச தூரம் தொடர்ந்து சூடாக ஓட வேண்டும். ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடுகிற வண்டியில் அது நடக்காமல் அடைத்துக்கொள்ளும். வாரத்தில் ஒரு நாளாவது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். விளக்கை அழித்துவிட்டு அனுப்புகிறவரிடம் போகாமல், கம்ப்யூட்டர் பதித்து வைத்திருக்கும் கோளாறுக் குறியீடு என்ன என்று படித்துச் சொல்கிறவரிடம் போங்கள்.

எஞ்சின் கம்ப்யூட்டரின் டீசல் கணக்கை மாற்றும் சிப் போட்டால் லேக் போய்விடும் என்கிறார்களே?

டீசலைக் கூட்டி விடுவதால் உதை அதிகம் தெரியும். காற்றாடியின் எடை குறையாது, தாமதமும் ஒழியாது. வெப்பம் கூடும், டர்போவும் கிளட்சும் ஆயுள் இழக்கும், வாரண்டி போகும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆவது பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. விபத்தில் காப்பீட்டுத் தொகை கேட்கப் போகும்போது அது உங்கள் முன்னால் வந்து நிற்கும். நான் போட்டுத் தருவதில்லை.

மேடு ஏறி முடித்ததும் டீக்கடையில் நிறுத்துகிறேன். உடனே அணைக்கலாமா?

ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள். அப்போதுதான் ஏறி வந்த டர்போ கொதித்துக்கொண்டிருக்கும், தண்டு வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும். அதைத் தாங்குவது ஆயில் படலம் மட்டுமே. எஞ்சினை அணைத்தால் ஆயில் ஓட்டம் நிற்கும். தேங்கிய ஆயில் அந்தச் சூட்டில் கருகிப் பொருக்காகும். டர்போ சாவதற்கு இதுவும், ஆயிலைத் தள்ளிப்போட்டு மாற்றுவதும்தான் பெரும்பாலும் காரணம். காலையில் கிளம்பும்போதும் ஸ்டார்ட் செய்த உடனே உறுமவிடாதீர்கள்; ஆயில் மேலே ஏற அரை நிமிடம் கொடுங்கள்.

தர்மபுரியிலிருந்து தொப்பூர் இறங்கும்போது டர்போ எஞ்சின் வண்டி வேகத்தைப் பிடித்துக் கொடுக்குமா?

எதிர்பார்க்காதீர்கள். சிறிய எஞ்சின், டர்போ உதவியால் பெரிய வேலை செய்கிறது. காலை எடுத்ததும் அந்த உதவி இல்லை. மிச்சம் இருப்பது சிறிய எஞ்சினின் பிடிப்பு மட்டுமே. இறக்கம் தொடங்கும் முன்பே மூன்றாவது கியருக்கு வந்துவிடுங்கள், லோடு அதிகம் என்றால் இரண்டாவது. நியூட்ரலில் இறக்கி டீசல் மிச்சம் பிடிக்கிற பேச்சே வேண்டாம். காலை எடுத்தால் கியரில் இருக்கும்போது எஞ்சின் டீசலே எடுப்பதில்லை, நியூட்ரலில்தான் ஐடிலுக்கு எடுக்கும். அந்தக் கணவாயில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன வண்டிகளை நம் மாவட்டத்தில் பார்க்காதவர் யார்?

பழைய பிக்கப் வாங்கப் போகிறேன். லேக்கை வைத்து என்ன பார்ப்பது?

எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போய்ப் பாருங்கள்; சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வருகிறதா பாருங்கள். பிறகு லோடோடு ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். லோடு இல்லை என்றால் நான்கு பேரை ஏற்றாமல், மணல் மூட்டை ஏற்றச் சொல்லுங்கள். மூன்றாவது கியரில் 1,500-இலிருந்து முழுக்க மிதித்து, முதுகில் தள்ளு தெரிய எத்தனை நொடி ஆகிறது என்று மனத்தில் எண்ணுங்கள். அதே மாடல் வண்டி வைத்திருக்கும் தெரிந்தவரிடமும் அதே சோதனையைச் செய்யுங்கள். இரண்டுக்கும் ஒரு நொடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விலை பேசும் முன் ஹோஸ்களைக் கழற்றிப் பார்க்க ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். விற்கிறவர் கழற்ற விடவில்லை என்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.